மறதியின் முதற் சாட்சி

"அறளை பெயர்ந்துவிட்டது" என்றொரு வழக்கு யாழ்ப்பாணத்துக் கிராமங்களிலே உண்டு. வயது போன ஒருவர் வைத்த பொருளைத் தேடித் தடுமாறினாலும், பெற்ற பிள்ளையின் பெயரை மாறிச் சொன்னாலும், வீட்டார் இதனைச் சொல்லிவிட்டுத் தத்தம் அலுவலைப் பார்க்கப் போய்விடுவர். அவரே வந்து, "முன்னைப்போல் எனக்கு நினைவு நிற்பதில்லை" என்று முறையிட்டாலும் செவிசாய்ப்பார் இலர். இக்குற்றத்தை நம் கிராமத்தவர்மீது மட்டும் சுமத்திவிட முடியாது. மருத்துவ விஞ்ஞானமே நெடுங்காலம் இவ்வாறுதான் நடந்துகொண்டது.

1901ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே, ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகர மனநோய் வைத்தியசாலைக்கு 51 வயதுப் பெண்ணொருத்தி கொண்டுவரப்பட்டாள். அவள் பெயர் அவுகுஸ்த தேத்தர். கணவன் புகையிரத இலாகாவில் ஓர் இலிகிதன். அங்கு வைத்தியராயிருந்த அலோய்ஸ் அல்ஸைமர் அவளருகே அமர்ந்து, வினாவும் விடையுமாக யாவற்றையும் எழுதிவைத்தார். பெயரைக் கேட்டார், அவுகுஸ்த என்றாள். குடும்பப் பெயருக்கும் அதே விடை. கணவனின் பெயரும் அவுகுஸ்த என்றே நினைப்பதாகச் சொன்னாள். பன்றியிறைச்சியும் கோலிபிளவரும் உண்டுகொண்டிருந்தவளிடம் உணவு என்னவென்று கேட்டபோது, பசளிக்கீரை என்றாள். பெயரை எழுதச் சொன்னால், 'திருமதி' என்பதோடு கை நின்றுவிட்டது. மற்றச் சொற்களை வைத்தியரே மீண்டும் எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. இத்தனைக்கும் நடுவே, தன்னைத் தானே தொலைத்துவிட்டதாக அவள் கூறினாள் என்பதும் அக்குறிப்பிலே இருக்கிறது. நோய் முற்றிய நிலையிலும், தனக்கு நேர்ந்ததை அறிந்த ஒரு பகுதி அவளுள்ளே எஞ்சியிருந்தது.

1906 ஏப்ரலில் அவள் இறந்தாள். அப்பொழுது மியூனிச் நகரிலிருந்த அல்ஸைமர் அவளது மூளையை வருவித்து, வெள்ளியுப்பினாற் சாயமேற்றி, நுணுக்குக்காட்டியிலே பார்த்தார். நரம்புக் கலங்களினுள்ளே முறுக்குண்ட நார்களையும், அவற்றுக்கு வெளியே படிந்த திட்டுக்களையும் கண்டார். அதே ஆண்டு நவம்பர் 3ஆம் திகதி தூபிங்கன் நகர மாநாட்டிலே அதனை எடுத்துரைத்தபோது, சபையிலிருந்து ஒரு கேள்விதானும் எழவில்லை. 1910இல் கிரேப்பலின் தமது பாடநூலிலே அந்நோய்க்கு அல்ஸைமரின் பெயரைச் சூட்டினார். ஆனால் அப்பெயர் நடுவயதில் மூளை மழுங்குவோருக்கே உரியதாயிற்று. முதியோரின் மறதி முதுமையின் இயல்பு என்று ஒதுக்கப்பட்டது.

இங்கே இன்னொருவரைச் சொல்லாமற் போவது அநீதி. பிராக் நகரத்து ஒஸ்கார் பிஷர், அறிவு மழுங்கி இறந்த 16 முதியோரின் மூளைகளைச் சோதித்து, 12இலே அதே திட்டுக்களைக் கண்டு, 1907இல் வெளியிட்டிருந்தார். அதனை முறையாகப் பின்தொடர்ந்திருந்தால், முதுமை மறதியும் நோயே என்ற உண்மை அப்பொழுதே துலங்கியிருக்கும். பிஷர் யூதர். நாஜிகள் அவரைக் கைதுசெய்தனர். 1942இல் தெரேசியன்ஸ்ராட் சிறையிலே மாண்டார். மறதி நோயின் வரலாறு அவரையும் வெகுகாலம் மறந்திருந்தது.

1962இல் மொன்றியல் நகரத்துக் கிரால் என்ற மருத்துவர் மறதியை இருவகையாகப் பிரித்தார். தன் மறதியைத் தானே அறிந்து அதற்கு ஈடுசெய்ய முயல்பவருடையது தீங்கற்றது. நடந்த நிகழ்ச்சியையே மறந்து, மறந்ததையும் அறியாதவருடையது கொடியது என்றார். நுட்பமான அவதானிப்புத்தான். ஆயினும், "மறதி என்று நீரே சொல்வதால் உமக்கு ஒன்றுமில்லை" என்ற ஆறுதல் வார்த்தைக்கு இவ்வகைப் பிரிவு இடந்தந்தது. முறையிட்டவரின் சொல்லே அவருக்கு எதிரான சான்றாயிற்று!

1976இல் றொபேட் காட்ஸ்மன், முதியோரின் நோயும் அல்ஸைமர் நோயும் ஒன்றே என வலியுறுத்தினார். 1982இல் பரி றைஸ்பேர்க் வகுத்த ஏழு படிகளிலே, இரண்டாம் படியில் இருப்பது நோயாளியின் முறைப்பாடு மட்டுமே; சோதனையில் குறை ஏதும் தென்படாது. மூளையிலே திட்டுக்கள் 15, 20 ஆண்டுகள் முன்னரே படியத் தொடங்குகின்றன என்று பின்னர் அறியப்பட்டபோது, அம்முறைப்பாட்டின் பெறுமதி உயர்ந்தது. 2014இல் ஆராய்ச்சியாளர் பலர் கூடி, தானே உணரும் அறிவுத் தளர்ச்சிக்கு ஒரு வரையறை வகுத்தனர். அதே ஆண்டு பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், நினைவு குறைவதாக முறையிடும் முதியோரில் ஆண்டுக்கு 100க்கு 2.3 பேரளவில் மறதி நோய்க்கு ஆளாவது தெரிந்தது. முறையிடாதோரில் இது ஏறத்தாழ 1. ஆகவே முறையிடுவோரிற் பெரும்பாலானோர்க்கு அந்நோய் அடுத்த ஆண்டே வந்துவிடுவதில்லை. மனச்சோர்வு, உறக்கமின்மை, தைரோயிட் சுரப்பிக் குறைபாடு, பீ12 விற்றமின் குறைவு, உண்ணும் சில மருந்துகள் ஆகியனவும் நினைவை மங்கச் செய்யும். இவற்றுட் பல தீர்க்கக்கூடியவை. முறைப்பாட்டைக் கேட்டுச் சோதிக்க இதுவே போதிய காரணமன்றோ? நோய் முற்ற முற்ற, தனக்குக் குறையுண்டு என்ற உணர்வே பலரிடம் அற்றுப்போகிறது. அதன்பின் சாட்சி சொல்ல வீட்டாரே மிஞ்சுவர்.

ஆனால் யாருடைய சாட்சிக்கு மதிப்பு? 1975இல் வந்து உலகெங்கும் பரவிய மனநிலைச் சோதனை, 100இலிருந்து ஏழேழாகக் கழிக்கவும் ஒரு வாக்கியம் எழுதவும் கேட்கிறது. பள்ளிக்கூட வாசல் மிதியாத கூலிப் பெண் நோயின்றியே அதில் தவறுவாள். படித்தவரோ நோய் தொடங்கிய பின்னும் அதில் தேறிவிடுவார். றொட்டர்டாம் நகரத்து ஆய்வொன்று, உயர்கல்வி பெற்றோர் தம் மறதியைப் பற்றிச் சொல்லும் சொல் நோயை முன்னறிவிப்பதிற் கூடிய வலுவுடையதென 2007இல் காட்டியது. கொடுமை இத்தோடு நிற்கவில்லை. இளமையிற் கல்வி கிட்டாமையே இந்நோய்க்கு ஒரு காரணியென்று 2024இன் லான்செற் ஆணைக்குழு எண்ணியது. மாற்றக்கூடிய 14 காரணிகளையும் நீக்கினால் நோயில் 45 சதவீதம் வரை தடுக்கலாம் அல்லது தாமதப்படுத்தலாம் என்றது. 2021இல் மறதி நோயாளர் 5 கோடி 70 இலட்சம் பேர். அவருள் 60 சதவீதத்துக்கும் அதிகமானோர் வறிய, நடுத்தர வருவாயுள்ள நாடுகளிலே வாழ்ந்தனர். பாடசாலையை மூடுவோரும் மானியத்தை வெட்டுவோரும் இக்கணக்கைப் பார்ப்பதில்லை.

அவுகுஸ்த தேத்தரின் கோப்போ காணாமலே போயிருந்தது. 1995 டிசம்பரில், பிராங்பேர்ட் வைத்தியசாலையின் பழைய ஏடுகளிடையே, நீல அட்டையினுள் அது கிடைத்தது. 1997இல் அதிலுள்ளவை வெளியாயின. தன்னைத் தொலைத்துவிட்டேன் என்று அவள் சொன்னதும், 'திருமதி' என்பதோடு நின்ற அவள் கையெழுத்தும், அல்ஸைமரின் கைப்பட எழுதிய தாள்களிடையே அப்படியே இருந்தன.