அடுக்களையில் பிறந்த ஆராய்ச்சி

அகன்ற தட்டொன்றில் நீர் வார்த்து அதன்மேல் மிளகுப் பொடியைத் தூவி, நடுவில் சவர்க்கார நீரில் ஒரு துளி இடுக. பொடி நாற்புறமும் விரைந்து விலகும். துளியே பொடியைத் தள்ளிற்று என்று பலரும் எண்ணுவர். உண்மை அதுவன்று. நீரின் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய துணியை ஒத்தது. சவர்க்காரம் பட்ட இடத்தில் இழுவிசை குன்றுகிறது. சுற்றியுள்ள தூய நீரோ முன்போலவே வலிந்து இழுக்கிறது. ஆதலின் பரப்பு வெளிப்புறம் ஓடுகிறது. பொடியும் உடன் செல்கிறது. நீர் மெல்லிய ஏடாயிருப்பின் அடிநீரும் இழுக்கப்பட்டு, நடுவில் பள்ளமும் ஓரத்தில் மேடும் உண்டாகும். ஒரு திரவத்தின் துளி மற்றொன்றின்மேல் பரவுதலை ஆராய்ந்து 1865-ல் நூல் வெளியிட்ட இத்தாலிய அறிஞர் மரங்கோனியின் பெயரால் இவ்வியக்கம் வழங்குகிறது.

ஆயின் அவ்விழுவிசை எவ்வளவு குன்றுகிறது என்று செவ்வையாக அளப்பதற்கு வழி வகுத்தவர் கலாசாலைப் பேராசிரியர் அல்லர். வீட்டு வேலை பார்த்துவந்த ஓர் இளம்பெண்.

ஆக்னஸ் பொக்கல்ஸ் அம்மையார் 1862-ல் பிறந்தார். ஜெர்மனியில் பிரவுன்ஷ்வைக் நகரில் பெண்கள் பள்ளியில் படித்தார். விஞ்ஞானத்தில் பேரார்வம் கொண்டிருந்தும், அந்நாளில் அங்குப் பெண்களுக்குச் சர்வகலாசாலை வாயில் அடைபட்டிருந்தது. பின்னர் அது திறந்தபோதும், பெற்றோர் விருப்பத்திற்கிணங்க வீட்டிலேயே தங்கினார். இளைய சகோதரர் பிரடெரிக் கோட்டிங்கன் சர்வகலாசாலையில் பௌதிகம் பயின்றார். அவர் மூலமாகவே தமக்கைக்கு நூல்கள் கிட்டின.

அம்மையார் தமது இருபதாம் வயதளவில் ஒரு கருவி செய்தார். 70 சென்டிமீட்டர் நீளமும் 5 சென்டிமீட்டர் அகலமும் உள்ள தகரத் தொட்டி. அதில் விளிம்பளவு நீர். நீரைத் தொட்டுக்கொண்டு குறுக்கே நகரும் ஒரு தகரப் பட்டை. பட்டையை நகர்த்தி மேற்பரப்பைச் சுருக்கவும் விரிக்கவும் கூடும். தராசிலிருந்து தொங்கும் சிறு வட்டத் தகட்டை நீரினின்று பிரித்தெடுக்க வேண்டிய பலத்தைக்கொண்டு இழுவிசையை அளந்தார். மாசு படிந்த பரப்பைச் சுருக்கிக்கொண்டே வந்தால், ஓர் எல்லைவரை இழுவிசை மாறாது நின்று, அதனைக் கடந்ததும் சட்டெனக் குறையக் கண்டார்.

கண்டதைக் கேட்பார் இல்லை. ஆண்டுகள் பல கழிந்தபின், இங்கிலாந்தின் ரேலி பிரபு இதே துறையில் உழைப்பதை அறிந்து, 1891 ஜனவரியில் அவருக்குக் கடிதம் வரைந்தார். பட்டமில்லாத பெண்ணின் கடிதமென்று பிரபு அதனை ஒதுக்கினாரில்லை. மொழிபெயர்ப்பித்து, 'நேச்சர்' பத்திரிகைக்கு அனுப்பினார். அவ்வாண்டு மார்ச்சு 12-ல் அது வெளியாயிற்று. அமெரிக்க அறிஞர் லாங்மியூர் அவ்வழியில் மேலும் சென்று, 1932-ல் நோபெல் பரிசு பெற்றார். அதே ஆண்டில், எழுபது வயதான அம்மையாருக்குப் பிரவுன்ஷ்வைக் தொழில் நுணுக்கக் கலாசாலை கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. 1935-ல் அவர் மறைந்தார்.

இதனால் உலகுக்கு வந்த பயன் யாது? நுரையீரலின் உட்புறத்தை மெல்லிய நீர்ப்படலம் மூடியுள்ளது. அதன் இழுவிசையைக் குறைக்கும் பொருள் போதாமையாலேயே குறைமாதக் குழந்தைகள் பலர் மூச்சுத் திணறி இறந்தனர் என்பதை 1959-ல் மேரி எல்லன் ஏவரி அம்மையாரும் ஜெரி மீட் என்பாரும் வெளியிட்டனர். பரப்பைச் சுருக்கியும் விரித்தும் அளக்கும் அந்த முறையே அவர்களுக்கும் துணைசெய்தது. 1980-ல் ஜப்பானிய மருத்துவர் புஜிவாரா, மாட்டின் நுரையீரலிலிருந்து எடுத்துப் பக்குவம் செய்த மருந்தைப் பத்துக் குழந்தைகளின் மூச்சுக் குழலில் செலுத்தி நற்பயன் கண்டார். தட்டில் பரவிய துளியைப் போலவே, நுரையீரலின் படலத்தில் அம்மருந்தும் பரவுகின்றது.

அடுக்களையே அம்மையாருக்குச் சர்வகலாசாலை ஆயிற்று என்று புகழ்ந்து அமைவார் உண்டு. அப்புகழ்ச்சி போதாது. அறிவு அவரிடம் இருந்தது, வாயில்தான் அடைபட்டிருந்தது. ஒரு சகோதரரின் நூல்களும், ஒரு பெரியாரின் நேர்மையும் இல்லாதிருப்பின் அவ்வுழைப்பு வீட்டோடு மறைந்திருக்கும். அவ்விரண்டும் கிட்டாமல் மறைந்த பெண்களை யார் எண்ணினர்? தோட்டத்து லயத்திலாயினும் நகரத்து வீட்டிலாயினும், "பெண்ணுக்கு இவ்வளவு படிப்புப் போதும்" என்று சொல்ல வாயெடுக்கும் தந்தையர், அந்தத் தகரத் தொட்டியை ஒருமுறை நினைப்பாராக!