சுவர்த்துளைக் கணினி ஆய்வு
நகர்ப்புற ஏழைச் சிறுவர்கள் கணினியைத் தாமாகவே கற்கிறார்களா என்று அறிய டெல்லியில் தொடங்கிய ஆய்வு. 1999 ஜனவரியில், கல்காஜியில் உள்ள என்ஐஐடி என்னும் கணினிப் பயிற்சி நிறுவன அலுவலகத்தின் சுற்றுச்சுவரைத் துளைத்து, இணைய வசதியுடன் ஒரு கணினி பதிக்கப்பட்டது. சுவருக்கு அப்பால் குடிசைப் பகுதி. நடத்தியவர் அந்நிறுவனத்தின் ஆய்வுத் தலைவர் சுகதா மித்ரா. ஆசிரியரோ அறிவிப்போ கிடையாது. அருகிலிருந்த மரத்தில் பொருத்திய கேமரா பிள்ளைகளைக் கவனித்தது. ஆங்கிலம் அதிகம் தெரியாத சிறுவர்கள் சில நாட்களில் இணையத்தில் உலாவவும் படம் வரையவும் பழகி, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தனர். ஆய்வு பின்னர் மத்தியப் பிரதேசத்தின் சிவ்புரி உள்ளிட்ட பல ஊர்களுக்குப் பரவியது.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இதே திட்டத்தில் டெல்லியின் மற்றொரு குடிசைப் பகுதியில் அரசு உதவியுடன் அமைந்த கணினிக் கூடத்தை நேரில் பார்த்த ஆய்வாளர் மார்க் வார்சாவர், இணைய இணைப்பு பெரும்பாலும் வேலை செய்யவில்லை, இந்தியில் உள்ளடக்கம் இல்லை, பிள்ளைகள் விளையாட்டிலும் படம் வரைவதிலுமே பொழுதைக் கழித்தனர் என்று 2002இல் எழுதினார். அங்கே விசைப்பலகைகூட வைக்கப்படவில்லை! மற்றோர் ஆய்வாளரான பாயல் அரோராவும் 2010இல் இத்திட்டத்தை விமர்சித்தார். கணினியைத் தொடக் கற்பதும் பாடம் கற்பதும் ஒன்றல்ல. ஆய்வின் புகழ் இவ்வேறுபாட்டை மங்கச் செய்தது என்றே கொள்ளலாம். புகழ் சிறியதல்ல: ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்தின் மூலநாவலுக்குத் தூண்டுதல் இந்த ஆய்வே என்கிறார் அந்நாவலை எழுதிய விகாஸ் ஸ்வரூப். மித்ராவுக்கு 2013இல் பத்து லட்சம் டாலர் டெட் பரிசு கிடைத்தது.