காஞ்சி அரண்மனையில் தாய்வழிப் பெயர்கள்

பேரன் என்னும் சொல்லின் பழைய வடிவம் பெயரன் என்பதாகும். பாட்டனின் பெயரைத் தாங்குவோன் பெயரன். இவ்வழக்கம், காஞ்சிப் பல்லவர் வரலாற்றில் மறைந்து கிடந்த மணவுறவுகளை அறியத் துணைபுரிகின்றது.

பல்லவ மன்னர் பெயர்கள் பெரிதும் திரும்பத் திரும்ப வருவன. நேர் மரபு அற்ற காலத்தில், கி.பி. 731 அளவில் கிளை மரபினின்றும் அழைத்து வரப்பெற்ற 12 அகவைச் சிறுவன் பரமேசுவரனுக்கும், நந்திவர்மன் என்னும் முன்னோர் பெயரைச் சூட்டியே முடிபுனைந்தனர். அவன் எடுப்பித்த வைகுந்தப் பெருமாள் கோயிற் சிற்பங்கள் இச்செய்தியை இன்றும் காட்டி நிற்கின்றன.

ஆயின், அவன் மகன் பெற்ற பெயர் தந்திவர்மன். காஞ்சி மன்னர் நிரலில் இது புதுப்பெயர். தந்தி எனில் தந்தமுடைய யானை. அவன் தாய் ரேவா என்பதை வேலூர்ப்பாளையச் செப்பேடு உரைக்கின்றது. அக்காலத்தே தக்காணத்தில் இராட்டிரகூடப் பேரரசை நிறுவியவன் தந்திதுர்க்கன். காஞ்சி வேந்தனை அடக்கியவனாக எல்லோராக் கல்வெட்டு அவனைப் புகழ்கின்றது. ரேவா அவன் மகளே என்றும், பாட்டன் பெயரே பெயரனுக்கு வழங்கிற்று என்றும் வரலாற்றறிஞர் பலர் கொள்வர்.

தந்திவர்மன் மகனே நந்திக் கலம்பகத்தின் தலைவனாகிய மூன்றாம் நந்திவர்மன். அவன் தேவி சங்கா இராட்டிரகூடக் குலத்தவள் எனப் பாகூர்ச் செப்பேடு கூறும். அவள் மகன் நிருபதுங்கன். இப்பெயரும் பல்லவர்க்குப் புதியதே. கன்னடத்தில் கிடைத்துள்ள நூல்களுள் பழமையான கவிராசமார்க்கம் தோன்றிய அவைக்குரிய அமோகவர்ஷனுக்கு நிருபதுங்கன் என்பது மறுபெயர். ஆதலின் சங்காவை அவன் மகளாகக் கருதுவர். தந்தை தமிழ்க் கலம்பகத்தில் வாழ, பாட்டன் கன்னட அணிநூலில் வாழ்கின்றான்.

இம்முடிபுகள் பெயரொப்புமையால் எழுந்தவையே. எனினும், பின்னாளில் 1070-இல் சோழ அரியணை ஏறிய முதற் குலோத்துங்கன், தாய்வழிப் பாட்டனாகிய கங்கைகொண்ட சோழனின் இராசேந்திரன் என்னும் பெயரையே முன்னர்க் கொண்டிருந்தமை இவற்றுக்கு வலிவூட்டும்.

அரச மரபுகள் தந்தை வழியே எண்ணப்பெற்றன. ரேவாவும் சங்காவும் செப்பேட்டில் ஒரோவோர் இடத்தே தோன்றி மறைகின்றனர். அவர்தம் பிறந்தகமோ மைந்தர் பெயர்களில் நிலைத்துவிட்டது. நம் குடும்பங்களிலும் வழக்கத்துக்கு மாறான ஒரு பெயர் காணப்படின், முதலில் வினவத்தக்கது தாயின் ஊரையே.