கொம்பு மோதும் சத்தம்... ஓடிவரும் மான்! - டெக்சாஸ் வேட்டையில் ஒரு 'ராட்லிங்' டெக்னிக்

டிசம்பர் மாதம், விடிந்தும் விடியாத நேரம். அமெரிக்காவின் தெற்கு டெக்சாஸில், முள்புதருக்குள் உட்கார்ந்திருக்கும் ஒருவர் இரண்டு மான் கொம்புகளை 'சடசட'வென மோதவிடுகிறார். சில நிமிடங்களில் ஓர் ஆண் மான் புதரை விலக்கிக்கொண்டு வந்து நிற்கிறது. இதுக்குப் பேர்தான் 'ராட்லிங்'!

ஏன் வருது?

வெள்ளைவால் மான்களுக்கு இது இணைசேரும் காலம். வடக்கு மாநிலங்களில் நவம்பரிலேயே உச்சம், இங்கே டிசம்பரில். பெண் மானுக்காக ஆண் மான்கள் கொம்போடு கொம்பு மோதும். அந்தச் சத்தம் கேட்டால், மற்ற ஆண் மான்களும் எட்டிப்பார்க்க வந்துவிடும். கொம்புகள் வருஷா வருஷம் உதிர்ந்து முளைப்பதால், காட்டில் கிடப்பதே கருவி.

எப்படிச் செய்றாங்க?

ஓரிரு நிமிடங்கள் கொம்பை மோதி உரசுவார்கள், கிளையை ஒடிப்பார்கள், தரையைத் தட்டுவார்கள். பிறகு, அமைதியாகக் காத்திருப்பார்கள். டெக்சாஸின் வெல்டர் வனவிலங்குக் காப்பகத்தில் நடந்த ஆய்வில், மெதுவாகத் தட்டியபோது வந்ததைவிட, பலமாகத் தட்டியபோது அதிக மான்கள் வந்தன.

கூடவே குரலும் உண்டு. ஆண் மானின் உறுமலுக்கு 'கிரன்ட் கால்' என்ற ஊதுகுழல். பெண் மானின் கத்தலுக்கு, கவிழ்த்தாலே ஒலிக்கும் சின்ன டப்பா.

காற்றை ஏமாற்ற முடியாது

மான் பெரும்பாலும் நேராக வராது. சுற்றிவந்து, சத்தம் வந்த இடத்திலிருந்து காற்று வீசும் பக்கமாக நின்று மோப்பம் பிடிக்கும். மனுஷ வாடை பட்டால் ஒரே ஓட்டம்தான்! அதனால் அந்தப் பக்கம் பார்வை எட்டும் இடமாகத் தேர்ந்தெடுப்பார்கள்.

ஆபத்தும் இங்கேதான்

மானை ஏமாற்றும் சத்தம், பக்கத்தில் வேட்டையாடும் இன்னொருவரையும் ஏமாற்றலாம். அவர் நிஜ மான் என்று நினைத்துக் குறிவைத்தால்? அதனால் இவற்றில் அலட்சியம் கூடாது:

* பலரும் வேட்டையாடும் பொதுக் காடுகளில் ராட்லிங்கைத் தவிர்ப்பது நல்லது.
* பளிச் ஆரஞ்சு உடை அவசியம். நம் கண்ணுக்குத் தெரிவதுபோல மானுக்கு அந்த நிறம் பளிச்செனத் தெரியாது.
* முதுகுக்குப் பின்னால் பெரிய மரம் இருக்கட்டும்.
* யாராவது வந்தால் கையை அசைக்காமல், வாய்விட்டுக் குரல் கொடுக்க வேண்டும்.
* முழு மானும் கண்ணில் படாமல் துப்பாக்கி விசையில் விரல் வைக்கவே கூடாது.

இதெல்லாம் அங்கே, லைசென்ஸோடு, சீசனில் மட்டும். இந்தியாவில் 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். நாம இதைப் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டா போதும்!