அட்டவணையும் அதன் விதிகளும்

நாட்டில் புதிய சட்டம் ஒன்று இயற்றப்படும்போது இரண்டு வினாக்கள் எழுதல் இயல்பு. இனி நிகழ்வனவற்றை மட்டும் அச்சட்டம் கட்டுப்படுத்துமா? முன்னர் நிகழ்ந்தனவற்றையும் விசாரிக்குமா? சட்டத்தின் வாசகம் இவ்விரண்டனையும் பிரித்துக் கூறாவிடின் வழக்குகள் பெருகும். கணிப்பொறித் தரவுத்தளத்தின் வரலாற்றிலும் இதே வினாக்கள் எழுந்தன. இதே மயக்கமும் விளைந்தது.

தரவுகளை அட்டவணைகளாகக் காணும் முறைக்கு வித்திட்டவர் எட்கர் காட் என்னும் ஆங்கிலேய அறிஞர். அமெரிக்காவின் சான் ஓசே நகரில் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய அவர், 1970ஆம் ஆண்டில் தம் கொள்கையைக் கட்டுரையாக வெளியிட்டார். தரவு இயந்திரத்தினுள் எவ்வாறு சேமிக்கப்பட்டுள்ளது என்பதைப் பயன்படுத்துவோர் அறிய வேண்டுவதில்லை என்பது அதன் சாரம். அதே நிறுவனத்தினரான டொனால்டு சேம்பர்லினும் ரேமண்ட் பாய்சும் 1974இல் அட்டவணைகளை வினவுவதற்கென ஒரு மொழியை அமைத்தனர். சீக்வல் எனப் பெயர்பெற்ற அம்மொழியே பின்னர் எஸ்.கியூ.எல். ஆயிற்று.

அட்டவணையில் எதை வேண்டுமாயினும் எழுதலாம் என்று விட்டுவிட முடியாது. தேர்வு மதிப்பெண் 100க்கு மேற்படலாகாது. ஒரே பதிவெண் இரு மாணவர்க்கு இருத்தலாகாது. இத்தகைய விதிகளைக் கட்டுப்பாடுகள் என்பர். விதிக்கு மாறான வரி உள்ளே வருமாயின் இயந்திரமே அதனை மறுத்துவிடும்.

எஸ்.கியூ.எல். மொழிக்கு 1986இல் அமெரிக்காவில் தரநிலை வகுக்கப்பட்டது. முதன்மைச் சாவி, அயற்சாவி, செக் எனப்படும் சரிபார்ப்பு விதி ஆகியவை 1989ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இடம்பெற்றன. ஆயினும், முன்பே அமைந்த அட்டவணையை மாற்றும் ஆல்டர் டேபிள் என்னும் கட்டளை 1992இல்தான் தரநிலையில் நுழைந்தது. அதற்குள் நிறுவனங்கள் பலவும் தத்தமக்கு ஏற்றவாறு அக்கட்டளையை அமைத்துக்கொண்டுவிட்டன. ஆகவே, ஒரே சொல் ஒவ்வொரு கையேட்டிலும் வெவ்வேறு பொருள் தரலாயிற்று.

மைக்ரோசாப்டின் எஸ்.கியூ.எல். சர்வரை எடுத்துக்கொள்வோம். மதிப்பெண் விதியைச் சிறிது நேரம் நிறுத்தி வைக்கிறோம். அவ்விடைவெளியில் 105 என்ற மதிப்பெண் நுழைந்துவிடுகிறது. பின்னர் ‘செக் கன்ஸ்ட்ரெயின்ட்’ என்று கட்டளையிட்டு விதியை மீண்டும் இயக்குகிறோம். சரிபார்ப்பு முடிந்தது என்றே படிப்பவர் எண்ணுவார். உண்மை அதுவன்று. விதி இனி வரும் வரிகளுக்கு மட்டுமே விழித்திருக்கும். 105 அப்படியே நிலைத்திருக்கும். பழைய வரிகளையும் ஆராய வேண்டுமாயின் ‘வித் செக் செக் கன்ஸ்ட்ரெயின்ட்’ என எழுதல் வேண்டும். செக் என்னும் சொல் இருமுறை வருவது அச்சுப்பிழை அன்று. முதற்சொல் பழையனவற்றை ஆராய்க என்பது. அடுத்தது விதியை இயக்குக என்பது.

போஸ்ட்கிரெஸ் மென்பொருளார் இவ்விரு செயல்களையும் பிரித்தே வைத்தனர். 2011இல் அயற்சாவிக்கும், 2012இல் சரிபார்ப்பு விதிக்கும் ‘நாட் வேலிட்’ என்னும் அடைமொழியை வழங்கினர். அதனுடன் சேர்த்த விதி, புதிய வரிகளை உடனே கட்டுப்படுத்தும். பழையனவற்றை ஆராய்வது தனிக்கட்டளை. எனினும் அங்கும் ஒரு மயக்கம் உண்டு. ‘ஆல்டர் கன்ஸ்ட்ரெயின்ட்’ என்னும் தொடரைக் காண்போர், 100 என்ற எல்லையை 200 ஆக்க அது உதவும் என நினைப்பர். அத்தொடர் 2014இல் அயற்சாவியைச் சரிபார்க்கும் காலத்தை மாற்றவே புகுத்தப்பட்டது. எல்லையை மாற்றப் பழைய விதியை நீக்கிப் புதிய விதியைச் சேர்த்தலே வழி.

மைசீக்வலின் கதை இன்னும் வியப்பானது. அம்மென்பொருள் நெடுங்காலம் சரிபார்ப்பு விதியைப் பிழையின்றி ஏற்று, பின்னர் அதனைப் பொருட்படுத்தாமலே விட்டது. கையேட்டின் இலக்கண வாய்பாட்டில் அவ்விதி இருந்தது. அது செயற்படாது என்னும் குறிப்போ வேறோர் வரியில் இருந்தது. வாய்பாட்டை மட்டும் கற்றோர் காவல் இருப்பதாக நம்பியே காவலின்றி இருந்தனர். 2019இல் வெளிவந்த 8.0.16ஆம் பதிப்பில்தான் அவ்விதி உண்மையாகவே செயற்படத் தொடங்கிற்று.

மாணவர்களே! விதி இல்லாத அட்டவணையை நாம் ஐயத்துடன் நோக்குவோம்; ஆதலின் அதனால் வரும் தீங்கு குறைவு. இருப்பதாக எழுதப்பட்டும் இயங்காத விதியோ நம் ஐயத்தையே போக்கிவிடுகிறது. அதனால் தவறான மதிப்பெண்ணும் சரியானதாகவே மதிக்கப்படும். எனவே, எந்தக் கையேட்டைப் படித்தாலும் இரண்டு வினாக்களை எழுப்புங்கள்: இவ்விதி இனி வருவனவற்றைத் தடுக்குமா? இருப்பனவற்றை ஆராய்ந்துவிட்டதா? விடை தெளிவாகக் கிட்டவில்லையாயின், வேண்டுமென்றே தவறான வரி ஒன்றைச் சோதனை அட்டவணையில் எழுதிப் பாருங்கள். கையேடு சொல்லாமல் விட்டதை இயந்திரம் சொல்லிவிடும்.