வெள்ளைக் கொடி பறந்த ஜூலை

2021 ஜூலையை நாம மறந்துடக் கூடாது.

ஜூன் 1 முதல் நாடே முடக்கம். தினக்கூலிக்காரங்களுக்கு வேலை இல்லை, சேமிப்பும் கரைஞ்சு போச்சு. ஜனவரி முதல் அவசரகாலம். நாடாளுமன்றம் கூடாததால் மக்களுக்காகக் கேள்வி கேட்கவும் இடமில்லை.

அப்போதுதான் ‘பெண்டேரா பூத்தே’ கிளம்பியது. சாப்பாட்டுக்கு வழியில்லாதவர்கள் வாசலில் வெள்ளைத் துணி கட்டினார்கள், பார்த்தவர்கள் உதவினார்கள். கொடி வேண்டாம், இறைவனிடம் கையேந்துங்கள் என்றார் ஓர் எம்.பி. மக்கள் கொதிச்சுப் போனாங்க.

நாங்களும் தினமும் கையேந்தி வேண்டுகிறவர்கள்தான். ஆனா பசியோட இருக்கிறவங்களிடம் அதைச் சொல்ல எங்களுக்கு வாய் வரலை. கோயில் கதவு சாத்தியிருந்தது. அன்னதான அரிசியைப் பை பையாகக் கட்டி பிளாட் வீடுகளுக்குக் கொண்டுபோனோம். ஓர் அம்மா வெட்கப்பட்டு, துணியை ஜன்னலுக்கு உள்பக்கம் தொங்கவிட்டிருந்தார். அவரைக் கண்டுபிடிக்க எங்களுக்கு மூணு நாள் ஆச்சு.

ஜூலை 26இல் ஒப்பந்த மருத்துவர்கள் நிரந்தர வேலை கேட்டு வெளிநடப்பு செய்தார்கள். 31இல் கறுப்பு உடை அணிந்த இளைஞர்கள் டத்தாரான் மெர்டேக்கா அருகே திரண்டார்கள். ஆகஸ்டு 5இல் ஒரே நாள் தொற்று 20,000ஐத் தாண்டியது. 16ஆம் தேதி, பெரும்பான்மை இழந்த பிரதமர் முஹிடின் யாசின் பதவி விலகினார்.

அரசாங்கங்கள் மாறும். நம்ம கடமை மாறாது. பக்கத்து வீட்டில் அடுப்பு எரியலைன்னு தெரிஞ்சா கோயிலில் சொல்லுங்க. அவங்க கொடி கட்டும்வரை காத்திருக்க வேண்டாம்.