சிறுநீரக நோயும் புரத உணவும்

உண்ணும் உணவே உடலுக்குப் பகையாகும் நோய்களுள் சிறுநீரக நோயும் ஒன்று. 1827ஆம் ஆண்டில் இலண்டன் கைஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த ரிச்சட் பிரைற் என்பார் இந்நோய் பற்றிய தம் ஆராய்ச்சியை வெளியிட்டார். உடல் வீங்கிய நோயாளரின் சிறுநீரைக் கரண்டியிலிட்டுச் சுடரிற் காய்ச்சியபோது அது முட்டை வெண்கருப்போல் உறைந்தது. இறந்தோரின் உடலை அறுத்துப் பார்த்தவிடத்துச் சிறுநீரகங்கள் பழுதுற்றிருந்தன. நெடுங்காலம் அந்நோய் அவர் பெயராலேயே வழங்கிற்று.

புரதம் சிறுநீரோடு வீணாகின்றதெனின், அதனை மிகுதியாக உண்பித்து ஈடுசெய்வதா? அன்றி, புரதம் சிதைவதால் உண்டாகும் யூரியா முதலிய கழிவுகளை அகற்றமாட்டாது தளர்ந்த உறுப்பின் சுமையைக் குறைப்பதா? வினா எளிது, வைத்தியர்களோ நூறாண்டுக்கு மேலாக இதில் ஒருமைப்பட்டாரல்லர்.

ஸ்கொத்லாந்திற் பிறந்து, அமெரிக்காவில் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய தோமஸ் அடிஸ் இரண்டாம் வழியையே மேற்கொண்டார். 1941இல் இரசாயன அறிஞர் லைனஸ் போலிங் தமது நாற்பதாம் வயதில் இந்நோயுற்று அவரிடம் வந்தார். புரதமும் உப்பும் குறைந்த உணவு விதிக்கப்பட்டது. வைத்தியர் விதித்தல் எளிது. அடுப்படியில் அதனை நடத்துதல் அரிது. போலிங்கின் மனைவியார் ஏவா ஹெலன் நாள்தோறும் புரதத்தை அளந்து உணவு படைத்தார். போலிங் நலம்பெற்று, இரு நொபெல் பரிசுகள் பெற்று, 1994 வரை வாழ்ந்தார். எனினும், ஒருவர் பிழைத்தமை ஒரு கொள்கைக்குச் சான்றாகிவிடாது.

1963இல் நேப்பிள்ஸ் நகரில் ஜியோர்டானோவும், 1964இல் ஜியோவனெற்றி, மாஜியோரே என்னும் இருவரும் அவ்வழியை மேலுஞ் செம்மைப்படுத்தினர். நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 கிராம் புரதமே அளிக்கப்பட்டது. அதுவும் முட்டை போன்ற உயர்தரப் புரதம். உடல் தன் தசையையே எரித்துவிடாவண்ணம் மாப்பொருளும் கொழுப்பும் போதிய அளவு சேர்க்கப்பட்டன. குமட்டலும் வாந்தியும் தணிந்தன. ஆயினும், நாட்செல்லச் செல்ல உடல் மெலிதலும் நேரக்கூடும் என்பது தெளிவாயிற்று.

இதற்கிடையே, 1943இல் ஜேர்மனியர் வசமிருந்த ஒல்லாந்தில், கம்பன் என்னும் சிறுநகரில், வில்லெம் கொல்ஃப் தொத்திறைச்சிக்குப் பயன்படும் செலோபேன் குழாயைக் கொண்டு இரத்தத்தைச் சுத்திகரிக்கும் பொறியை அமைத்தார். அதனால் உயிர்தப்பிய முதல் நோயாளி 1945இலேயே கிடைத்தார். 1960இல் சியாற்றில் நகரிற் பெல்டிங் ஸ்கிரிப்னர் அச்சிகிச்சையை ஒருவருக்கே மீண்டும் மீண்டும் செய்ய வழிகண்டார்.

பொறி வந்ததும் உணவுவிதி தலைகீழாயிற்று. கழிவோடு அமினோவமிலங்களும் வெளியேறுவதால், இழந்ததை உணவே ஈடுசெய்தல் வேண்டும். சுத்திகரிப்பை இன்னும் நாடாத, நீரிழிவற்ற முதிர்ந்த நோயாளர்க்கு, வைத்தியர் மேற்பார்வையில், உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.55 முதல் 0.6 கிராம் வரை இன்று விதிக்கப்படுகின்றது. சுத்திகரிப்புப் பெறுவோர்க்கு 1.0 முதல் 1.2 கிராம் வரை. அறுபது கிலோ எடையுள்ளவர்க்கு முன்னது ஏறக்குறைய 35 கிராம். பின்னது 60க்கு மேல். நேற்றுவரை மீனையும் முட்டையையும் எண்ணிக் கொடுத்த வைத்தியரே இன்று அவற்றைத் தவறாது உண்ணுமாறு பணிக்கின்றார். பழைய அச்சம் நீங்காத வீட்டாரோ தட்டில் அவற்றை வைக்கத் தயங்குகின்றனர்.